கடுகின் பங்காளி

பேராக்கில் கடுகு டப்பா இல்லாத தமிழ்ச் சமையலறை கிடையாது. அதே பேராக்கில், யாரும் விதைக்காமல் தானாக முளைத்த கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் அலையத்தான் வேண்டும். சுமார் 4,000 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், டர்னிப், மலாய்க்காரர்கள் சாவி என்று சொல்லும் கீரை எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் அதன் காட்டுச் செடிகளில் பெரும்பாலானவை ஈரான், துருக்கி, மத்தியதரைக் கடற்கரை, இமயமலை என்று குளிர்காலம் உள்ள நிலங்களைச் சேர்ந்தவை. பல இனங்கள் சில வாரக் குளிர் பட்டால்தான் பூக்கும். கேமரன் மலையில் முட்டைக்கோஸ் நன்றாக உருண்டு திரள்கிறது. ஆனாலும் அது பூத்து விதை தர அந்தக் குளிர் போதாது. விதையைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் தருவிக்கிறார்கள். மலையிலேயே இப்படியென்றால், ஈப்போவின் வெக்கையில் கடுகுக் குடும்பத்தைத் தேடுவது வீண் என்று தோன்றும்.

முழுக்க வீண் இல்லை. ரோரிப்பா இண்டிகா என்றொரு செடி இருக்கிறது. ஈரமான வெற்றிடம், காய்கறிப் பாத்தி, வடிகால் ஓரம் என்று முழங்கால் உயரம்கூட எட்டாமல் வளரும். நெல்மணி அளவுகூட இல்லாத மஞ்சள் பூ, நான்கு இதழ், பிறகு ஊசிபோல் மெல்லிய காய். காய்க்குள் நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு, அதன் இருபுறமும் விதை. கடுகுக் காயைப் பிளந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தடுப்பு தெரிந்ததுதான். தமிழர்கள் அநேகமாக இதைக் களை என்று பிடுங்கி எறிவார்கள். கான்டனீஸ் சீனர்களோ இதைத் தோங் கோட் சோய் என்று அழைத்து, ஹாருவான் மீனோடு, அதாவது நம் விராலோடு, மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு சூப் வைப்பார்கள். உடல் சூட்டுக்கும் இருமலுக்கும் நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. சீன ஆய்வாளர்கள் இதிலிருந்து ரோரிஃபோன் என்ற பொருளைப் பிரித்து இருமலுக்குப் பயன்படுமா என்று பார்த்தும் இருக்கிறார்கள்.

இந்தச் செடிக்கு இன்னொரு பெருமை உண்டு. வட இந்தியக் கடுகு வயல்களை அழிக்கும் அசுவினிப் பூச்சி இதை அவ்வளவாக நெருங்குவதில்லை. பயிராகும் கடுகில் அசுவினியைத் தாங்கும் குணம் சரியாக அமைவதில்லை என்பதால், கொல்கத்தாவின் போஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் இந்தக் காட்டுச் செடியை எடுத்து, பூச்சி கடிக்கும்போது அதில் எந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். களைக்குள் இருக்கும் எதிர்ப்பைப் பயிருக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் கேள்வி.

ஆனாலும் ரோரிப்பா ஈப்போவில் ஓரமாக ஒண்டிக்கொண்டிருக்கும் உறவுதான். கடுகுக்கு உரிய இடத்தை இங்கே எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு செடி. அது கடுகே இல்லை, கடுகின் பங்காளி.

புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ எந்த வீட்டு முன்வாசலிலும் அதைப் பார்க்கலாம். சிமென்ட் விரிசல், வேலி அடி, வடிகால் சுவர், செம்பனைக் கன்றுகளுக்கு இடையில் கிடக்கும் வெற்றுமண் என்று எங்கேயும் முளைக்கும். ஒரு காம்பில் மூன்று இலைகள். வெளிர் ஊதா நிறத்தில், சில சமயம் நீலம் கலந்து, சுண்டுவிரல் நக அளவு பூ. கடுகுப் பூவில் நான்கு இதழ்களும் சிலுவைபோல் நான்கு பக்கமும் விரியும். இதில் நான்கும் மேல்பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். ஆறு மகரந்தத் தாள்கள் கீழ்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு விரல் நீளக் காய் தொங்கும். காய் வெடித்தால் சிறு கரும் விதைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு துளி கொழுப்புத் துண்டு ஒட்டியிருக்கும். அது எறும்புக்கான கூலி. எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், வெள்ளைத் துண்டைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். சுவர் விரிசலில் இந்தச் செடி எப்படி முளைத்தது என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான்.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி இது. 1824-ல் ஸ்விட்சர்லாந்துத் தாவரவியலாளர் டி கண்டோல் இதற்குக் கிளியோம் ரூட்டிடோஸ்பெர்மா என்று பெயரிட்டார். பிற்காலத்தில் இதைச் சியருவேலா என்ற பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். தாவரவியலாளர்கள் பெயர் மாற்றுகிற வேகத்தில் செடிகூட வளர்வதில்லை என்பது என் கருத்து. நாம் இதை ஊதாவேளை என்றே வைத்துக்கொள்வோம். ஏனென்றால் தமிழ்நாட்டில் தைவேளை, நல்வேளை என்று சொல்லப்படும் வெள்ளைப் பூச் செடிக்கும், மஞ்சள் பூவும் பிசுபிசுப்பான தண்டும் கொண்ட நாய்க்கடுகுக்கும் இது நெருங்கிய சொந்தம்.

இந்த வேளைக் கூட்டத்தை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்பதில் அறிஞர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. நெடுங்காலம் இவை ஆதொண்டை, மாவிலங்கம் ஆகியவற்றின் குடும்பத்தில் இருந்தன. பூவின் அமைப்பை வைத்துச் செய்த முடிவு அது. பிறகு டி.என்.ஏ. ஒப்பீடு வந்தது. வேளை ஆதொண்டையைவிடக் கடுகுக்கே நெருக்கம் என்று தெரிந்தது. உலகத் தாவரவியலாளர்கள் கூடி வெளியிட்ட 2003-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் கடுகு, வேளை, ஆதொண்டை மூன்றையும் ஒரே கடுகுக் குடும்பமாக்கினார்கள். 2009-ல் அதே குழு மறுபடியும் மூன்றாகப் பிரித்தது. ஆக, குறைந்தது ஆறு வருடம் ஈப்போ வடிகாலோரத்து ஊதாவேளை அதிகாரபூர்வமாகக் கடுகுக் குடும்பத்து உறுப்பினர். இப்போது பாகப்பிரிவினை முடிந்த அடுத்த வீடு.

வீடு பிரிந்தாலும் பொதுச் சொத்து ஒன்று பிரியவில்லை. அது ஆயுதம்.

கடுகை வாயில் போட்டு மென்றால் முதல் நொடியில் ஒன்றும் தெரியாது. பிறகுதான் மூக்கில் ஏறும். அந்தத் தாமதத்தில் ஒரு வேதியியல் இருக்கிறது. கடுகுக்குள் காரம் காரமாக இல்லை. குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஒரு பக்கமும், மைரோசினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கமும் தனித்தனியாக அடைபட்டிருக்கின்றன. பல்லோ அம்மியோ புழுவின் தாடையோ திசுவைச் சிதைத்தால் இரண்டும் ஈரத்தில் கலக்கும். நொதி அந்தப் பொருளிலிருந்து சர்க்கரையை வெட்டிவிட, மீதி தானாக உருமாறி ஐசோதயோசயனேட் ஆகிறது. மூக்கில் ஏறுவது இதுதான். தாவரவியலாளர்கள் இதைக் கடுகெண்ணெய்க் குண்டு என்றே சொல்கிறார்கள். செடிக்கு இதில் பெரிய வசதி: நஞ்சைச் சுமந்து திரிய வேண்டாம். கடிப்பவன் கடித்த இடத்தில், கடித்த நேரத்தில் மட்டும் அது பிறக்கும்.

நம் தாளிப்பு இந்த வேதியியலை முறியடிக்கும் வித்தை. கொதிக்கும் எண்ணெயில் முழுக் கடுகைப் போடுகிறோம். உள்ளிருக்கும் கொஞ்ச ஈரம் ஆவியாகிக் கடுகு வெடிக்கிறது. அந்தச் சூட்டில் நொதி செயலிழந்துவிடுகிறது. குளுக்கோசினோலேட் இருந்தும் அதை வெட்ட ஆள் இல்லை. அதனால்தான் சாம்பாரில் மிதக்கும் கடுகைக் கடித்தால் காரம் ஏறாமல் வறுத்த வாசம் மட்டும் வருகிறது. அதே கடுகைப் பச்சையாக அரைத்து மாங்காய் ஊறுகாயில் போட்டால் கண்ணில் நீர் வரும். வங்காளிகள் கடுகை அரைத்து மீனில் பூசுவதும் இந்தக் காரத்துக்காகத்தான். கடுகு தாளித்த உடனே அடுப்படியில் இருமல் வந்தால் பழியைப் பெரும்பாலும் பக்கத்தில் கருகும் மிளகாய் மேல் போடலாம்.

வேளைகளிடமும் இதே ஏற்பாடு இருக்கிறது. கடுகின் குளுக்கோசினோலேட்டும் வேளையின் குளுக்கோசினோலேட்டும் அமைப்பில் கொஞ்சம் வேறு. வேளையிலும் ஆதொண்டையிலும் மீத்தைல் வகை அதிகம், மணமும் அதற்கேற்ப மாறும். ஊதாவேளை இலையைக் கசக்கினால் மெல்லிய கடுகு நெடி வரும். நாய்க்கடுகைக் கசக்கினால் அது பலமாகவே வரும். மரபணு ஒப்பீடுகளின்படி இந்த வேதியியல் உருவானது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். கடுகுக் குடும்பம், வேளைக் குடும்பம் என்ற பிரிவெல்லாம் அதற்கு வெகுகாலம் பிந்தியது.

குண்டு இருந்தால் அதைச் செயலிழக்க வைப்பவனும் வந்தே தீருவான். தாழப் பறக்கும் சின்ன வெள்ளைப் பட்டாம்பூச்சி ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்சிறகில் ஒரு கரும் புள்ளி. புல்லுக்கு மேல் சாணளவில், எங்கும் உட்கார மனமில்லாமல் தத்தித் தத்திப் போகும். பலம் இல்லாத பறத்தல், ஆனால் நாள் முழுக்கப் பறக்கும். லெப்டோசியா நீனா என்பது அதன் பெயர். தமிழ்நாட்டிலும் உண்டு, மலேசியாவிலும் உண்டு. அது ஊதாவேளையின் இலையில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். பச்சைப் புழு வெளிவந்து அந்த இலையையே தின்னும். செடியின் குண்டு அதன் வயிற்றில் வெடிப்பதில்லை.

ஏன் என்பதற்கு விடை 2004-ல் தெளிவானது. இந்தப் பட்டாம்பூச்சியின் உறவினமான கோஸ் வெள்ளையின் புழுக் குடலில் ஒரு புரதம் இருக்கிறது. மைரோசினேஸ் தன் வேலையைத் தொடங்குவதை அது தடுப்பதில்லை. முடிவை மட்டும் திருப்பிவிடுகிறது. ஐசோதயோசயனேட் உருவாக வேண்டிய இடத்தில், அவ்வளவு நஞ்சில்லாத நைட்ரைல் உருவாகிறது. கேமரன் மலைக் கோஸ் விவசாயிகளின் பரம எதிரியான வைரமுதுகு அந்துப்பூச்சி வேறு வழியில் போகிறது. அது குளுக்கோசினோலேட்டிலிருந்து சல்ஃபேட்டை முன்கூட்டியே பிய்த்துவிடும்; பிறகு நொதி எதை வெட்டியும் பயனில்லை. இரண்டு பூச்சிகள், ஒரே குண்டு, இரண்டு தனித்தனித் திறமைகள். இவ்வளவு நேர்த்தியான பதிலடியைப் பார்க்கும்போது எனக்குச் செடியைவிடப் புழுவின் மேல்தான் மரியாதை கூடுகிறது.

குண்டைச் சமாளிக்கத் தெரிந்தபின் அதே மணம் புழுவுக்கு விலாசம் ஆகிவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் எட்வர்ட் வெர்ஷாஃபெல்ட் 1910-லேயே இதைக் காட்டினார். கோஸ் வெள்ளைப் புழுக்கள் சாதாரணமாகத் தொடாத இலைகளில் கடுகுக் குடும்பத்து வேதிப்பொருளைத் தடவிக் கொடுத்தார், புழுக்கள் தின்றன. புழு பார்ப்பது இலையின் வடிவத்தையல்ல, வாசத்தை. இங்கேதான் எனக்கு 2003-ஆம் ஆண்டு வகைப்பாடு நினைவுக்கு வருகிறது. நம் சின்ன வெள்ளைப் பட்டாம்பூச்சி ஊதாவேளையில் மட்டுமல்ல, மாவிலங்க மரத்திலும் முட்டை வைக்கும். ஒன்று முழங்கால் உயரக் களை, மற்றது மரம். மனிதக் கண்ணுக்கு இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. டி.என்.ஏ. படித்து மனிதர்கள் மூன்று குடும்பங்களையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தபோது, பட்டாம்பூச்சி கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சொல்லிவந்ததையே எழுதினார்கள். பிறகு பிரித்தது மனித வசதிக்கு.

வேளைகளில் மனிதர்களோடு நெருக்கமானது வெள்ளைப் பூவுள்ள தைவேளை. சங்க இலக்கியத்திலேயே அது சமையலறைக்குள் வந்துவிட்டது. புறநானூற்றின் 215-ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன், தன் நண்பர் பிசிராந்தையாரின் நாட்டைச் சொல்லும்போது, வேளைப் பூவைத் தயிரில் சேர்த்துச் சமைத்த புளிக்கூழைச் சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு முகம்: குப்பைமேட்டில் முளைத்த வேளையைப் பறித்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கதவடைத்து உண்ணும் ஏழைப் பாணர் குடும்பம். குப்பைமேடு என்பது துல்லியமான கவனிப்பு. கிளறிய மண்ணும் உரமும் வெயிலும் கிடைக்கும் இடத்தில்தான் வேளை வரும்.

அதே செடிக்கு மலாய்ப் பெயர் மாமன். நெகிரி செம்பிலானில் கெமஞ்சே வட்டாரம் அதற்குப் பேர்போனது. தேங்காய்ப்பாலில் ரெண்டாங்காகச் சமைப்பார்கள். உப்பும் அரிசிக் கஞ்சியும் சேர்த்துப் புளிக்கவைக்கும் ஜெருக் மாமன் பேராக் மலாய் வீடுகளுக்கும் பழக்கமானது. கென்யாவில் இதை வேகவைத்துப் பாலில் ஊறவைத்து உண்கிறார்கள். பாண்டிய நாட்டுத் தயிர், மலாய்த் தேங்காய்ப்பால், கென்யப் பால் என்று, ஒருவரையொருவர் பார்த்தறியாத மூன்று சமையல்களும் இந்தக் கசப்பை அடக்க ஏறக்குறைய ஒரே வழியைப் பிடித்திருக்கின்றன. கொழுப்பும் புரதமும் கசப்பை நாக்கில் மழுக்கும். புளிக்கவைத்தால் குளுக்கோசினோலேட் சிதையும். வேகவைத்த நீரை வடித்தால் அதோடு ஒரு பகுதி போய்விடும்.

இந்தக் கீரை மேல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கண் வைத்தது. காரணம் சமையல் அல்ல, ஒளிச்சேர்க்கை. நெல் உட்படப் பெரும்பாலான செடிகளில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, வெப்பம் ஏற ஏறத் தவறிப்போய் ஆக்ஸிஜனையும் பிடித்துவிடும். அந்தத் தவறைச் சரிசெய்யச் செடி ஏற்கனவே சேர்த்ததில் ஒரு பகுதியைச் செலவழிக்க வேண்டும். சோளம், கரும்பு போன்றவை இதற்கு மாற்று கண்டவை. இலையின் வெளிச் செல்களில் வாயுவைப் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் நெருக்கித் தள்ளி, ரூபிஸ்கோவைச் சுற்றிக் கரியமில வாயுவையே நிறைத்துவிடுகின்றன. சி4 முறை என்பது இதுதான். தைவேளைக்கு இந்த முறை உண்டு, ஊதாவேளைக்கு இல்லை. கடுகுக் குடும்பத்தில் 2000-ஆம் ஆண்டிலேயே முழு மரபணுத் தொகுப்பும் படிக்கப்பட்ட அராபிடாப்சிஸ் என்ற பொடிச் செடி இருக்கிறது. உலகத் தாவர ஆய்வகங்கள் அனைத்துக்கும் பழக்கமான அந்தச் செடிக்கு, சி4 முறை உள்ள மிக நெருங்கிய உறவுகளில் ஒன்று தைவேளை. ஆகவே எந்த மரபணு மாறினால் சாதாரண இலை சி4 இலையாகும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இது வசதி. 2005-ல் ஜூலியன் ஹிபர்டும் சகாக்களும் இதை முன்வைத்து எழுதினார்கள். நெல்லைச் சி4 பயிராக்கும் பன்னாட்டு முயற்சி இன்னும் நடக்கிறது. குப்பை வேளையிடம் நெல்லுக்குப் பாடம் கேட்கப் போயிருக்கிறார்கள்.

இனி தோட்டங்கள். பேராக்கில் பால்மரம் காலூன்றியது 1877-ல், கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட கன்றுகளோடு. அந்தத் தொடக்கத் தலைமுறை மரம் ஒன்றை அங்கே இன்றும் பார்க்கலாம். தொடக்க காலத் தோட்டங்களில் மரங்களுக்கு இடையே ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது துரைமார்களின் பிடிவாதம். லயத்துப் பெண்கள் குனிந்த முதுகோடு களை எடுத்தார்கள். வெறும் மண் மழையில் கரைந்து ஓடியது. பிறகுதான் புத்தி வந்து கொடிவகை மூடுபயிர்களை வளர்த்தார்கள். கிளறிய மண்ணும் திறந்த வெயிலும் கேட்கும் ஊதாவேளைக்கு இப்படிப்பட்ட நிலம் தோதானது. பால்மரம் நன்றாக வளர்ந்து நிழல் மூடினால் அது ஒதுங்கும். மரத்தை வெட்டி மறுநடவு செய்தால் உடனே தலைகாட்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், செம்பனை போய்த் தாமான் வீடுகள் வந்தபோதும் அதற்கு நஷ்டமில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் மண் புரண்டது.

கொத்துக்குப் பதில் மருந்து வந்ததும் களைக்கு மட்டும் ஆபத்து வரவில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி இலைக்குள் ஒளிச்சேர்க்கையின் மின் ஓட்டத்தில் புகுந்து எலக்ட்ரான்களைத் திருடி, ஆக்ஸிஜனை நாசகார வடிவத்துக்கு மாற்றும். வெயிலில் சில மணி நேரத்தில் இலை வாடிவிடும். மனித நுரையீரலிலும் அது ஆக்ஸிஜனை அதே வடிவத்துக்கு மாற்றும். முறிவு மருந்து கிடையாது. அதை முதுகில் சுமந்து தெளித்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள், அவர்களில் நிறையப் பேர் தமிழ்ப் பெண்கள். 2002-ல் தெனாகானித்தா அமைப்பு, ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வறிக்கை அவர்களின் தலைவலி, நகச் சிதைவு, மூக்கில் ரத்தம் ஆகியவற்றைப் பதிவுசெய்தது. அந்த ஆண்டே தடை அறிவிப்பு வந்தது. 2006-ல் அது தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அரையடிக் களைச்செடியை ஒழிக்க மனித நுரையீரலைப் பணயம் வைத்த கணக்கு எந்த நியாயத்திலும் சேராது.

பேராக் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பூவின் பாகங்களைச் சொல்லித்தரப் பாடப்புத்தகத்துச் செம்பருத்தியோடு நிறுத்திவிடாதீர்கள். வேலியோரம் பிள்ளைகளை அழைத்துப்போய் ஊதாவேளையைக் காட்டுங்கள்: மூன்று இலை, மேலே ஒதுங்கிய நான்கு இதழ், ஆறு தாள், எறும்புக்குக் கூலி சுமந்த விதை. இலையைக் கசக்கி முகரச் சொல்லுங்கள். தின்னச் சொல்ல வேண்டாம். வடிகாலோரச் செடியில் என்ன மருந்து பட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கீரையாகச் சமைக்க ஆசையிருந்தால் மாமன் விதை வாங்கிச் சட்டியில் வளர்ப்பதே பத்திரம். இலையின் அடியில் முட்டையோ பச்சைப் புழுவோ இருக்கிறதா என்றும் தேடச் சொல்லுங்கள். பள்ளித் திடலின் ஒரு மூலையை இதற்கென்று ஒதுக்கினால் போதும். அந்த மூலையில் மருந்தடிக்கக் கூடாது என்று புல்வெட்டும் குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.